பெட்ரோல் போதவில்லை என்றது கார்

தொண்ணூறுகள் முழுக்க என் மாணவர்கள் என்னை ஒரே கேள்வியால் மடக்கிக்கொண்டிருந்தார்கள். திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் நடத்திக்கொண்டிருந்தேன். மைக்ரோபிராசசர் லேபில் மூன்று மணி நேரம் மல்லுக்கட்டி, எட்டு சிவப்பு விளக்குகளை வரிசையாக எரிந்து அணைய வைத்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து, "இது எதுக்கு மேடம் ஆகும்?" என்பான். டிராபிக் சிக்னல், லிஃப்ட் என்று சொல்வேன். ஊரில் லிஃப்ட் வைத்த கட்டடங்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். சிக்னல் இருந்த ஒன்றிரண்டு இடங்களிலும் அது அணைந்து கிடக்கும். போலீஸ்காரர்தான் கையை வீசிக்கொண்டிருப்பார். கேட்டவன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவான். எனக்கும் அதற்கு மேல் பதில் தெரியாது.

அதனால்தான் இரண்டாயிரத்துக்குப் பிறகு, முப்பத்தெட்டு வயதில் கார் ஓட்டப் பழகி, பழைய கார் ஒன்றைத் தேடியபோது, இன்ஜெக்டர் வைத்த வண்டிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். என் கணவர் தினமும் ரயிலில் கரூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர். காரைப் பற்றி அவருக்கு இருந்த ஒரே அபிப்பிராயம் அது வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதுதான். வெள்ளையாகவே கிடைத்தது. அதற்குள் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பத்து வருடமாக நான் கரும்பலகையில் வரைந்து காட்டிக்கொண்டிருந்த சில்லுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு சில்லு, நிஜமாகவே ஏதோ ஒரு வேலையைச் செய்து சம்பாதித்துக்கொண்டிருந்தது. முதல் வாரமே வகுப்பை வெளியே கூட்டிப்போய் பானெட்டைத் திறந்து காட்டினேன்.

அன்று மாணவர்களுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்தது அதை வைத்துத்தான். இன்ஜெக்டர் என்பது விரல் நீளத்துக்கு ஒரு குழாய். கரண்ட் கொடுத்தால் அதன் வாய் திறந்து பெட்ரோலைப் பனித்தூறல் மாதிரி தெளிக்கும், நிறுத்தினால் மூடிக்கொள்ளும். எவ்வளவு நேரம் திறப்பது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. ஒரு விநாடியை ஆயிரமாகப் பிரித்து, அதில் இரண்டு மூன்று பங்கு நேரம்தான். ஆனால் திறந்த வாய் வழியாக நிஜமாகவே எவ்வளவு பெட்ரோல் போனது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதை அளக்க வண்டியில் எதுவும் கிடையாது. எரிந்து முடிந்து வெளியே போகிற புகையில் ஒரு சென்சார் நிற்கிறது. அது, புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். மிச்சம் இருந்தால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். கம்ப்யூட்டர் அடுத்த முறை வாயைக் கொஞ்சம் கூடுதலாகத் திறக்கும். அதாவது, உள்ளே போனதை வெளியே வந்ததை வைத்து ஊகிக்கிறது. இதைச் சொல்லும்போது எனக்கே பெருமையாக இருந்தது.

ஒன்றரை வருடம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு நாள் காலை ரயில்வே கேட்டில் காத்திருக்கும்போது இன்ஜின் குலுங்கியது. கேட் திறந்து எல்லோரும் கிளம்பிய நேரத்தில் அணைந்துவிட்டது. பின்னால் நின்ற டவுன் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அடுத்த வாரம் பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் அதே கதை. நிற்கும்போதுதான் குலுங்கும், ஓட ஆரம்பித்துவிட்டால் ஒன்றும் தெரியாது. வண்டிக்குப் பின்னால் பெட்ரோல் வாடை அடித்தது. டாஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது.

நத்தம் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனேன். என்னைவிட மூன்று நான்கு வயது சின்னவர். வெங்காயமும் மிளகாயும் போடுகிற விவசாயக் குடும்பம்; அவர்கள் வீட்டில் ஸ்பேனர் பிடித்த முதல் ஆள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு மதியத்துக்கு மேல்தான் கடை திறப்பார். பழைய வண்டிகளில் பெட்ரோலைக் காற்றோடு கலக்கிற கார்புரேட்டரில் அவர் கை வைத்தால் பிள்ளைக்குத் தலை வாரிவிடுகிற மாதிரி இருக்கும். இன்ஜெக்டர் வண்டிகள் வர ஆரம்பித்ததும் கோயம்புத்தூருக்குப் போய் ஒரு ஸ்கேனர் வாங்கி வந்திருந்தார். வண்டியில் சொருகினால் கம்ப்யூட்டர் நினைப்பதையெல்லாம் சின்னத் திரையில் ஆங்கிலத்தில் காட்டும்.

"எழுத்துக் கூட்டிப் படிச்சிருவேன் டீச்சர். அது என்ன சொல்ல வருதுன்னுதான் பிடிபட மாட்டேங்குது" என்று அதை என் கையில் கொடுத்தார்.

படித்தேன். எனக்குச் சிரமமே இல்லை. "பெட்ரோல் போதலைன்னு சொல்லுது தம்பி. அதனால வழக்கமா தெளிக்கிறதைவிட நூத்துக்கு இருபது கூடத் தெளிச்சுக்கிட்டு இருக்கு."

அவர் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துணியில் வைத்து நீட்டினார். அடுப்புக் கரி மாதிரி கறுத்திருந்தது.

"பெட்ரோல் சாஸ்தியா போனாத்தான் இம்புட்டுக் கரி பிடிக்கும். நீங்க போதலைன்னு சொல்றீங்க."

"நான் சொல்லல. கம்ப்யூட்டர் சொல்லுது."

"பட்டினி கிடக்கேன்னு சொல்லுது. வாயெல்லாம் சோறா இருக்கே!"

சிரித்துவிட்டேன். ஆனால் அந்தக் கணத்திலிருந்து எனக்குக் குழப்பம் பிடித்துக்கொண்டது. இரண்டும் ஒரே இன்ஜின். ஒரு பக்கம் போதவில்லை, இன்னொரு பக்கம் அதிகம். இரண்டில் ஒன்று தப்பாக இருக்க வேண்டும். படித்தவள் என்ற முறையில் நான் சென்சார் பக்கம் நின்றேன். பிளக்கைத் தொட்டுப் பார்த்துப் பழகியவர் பிளக் பக்கம் நின்றார்.

துறைத் தலைவரிடம் கேட்டு, லேபில் இருந்த பழைய சி.ஆர்.ஓ. ஒன்றை எடுத்துப் போனேன். கரண்டின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் கோடாக வரைந்து காட்டுகிற பெட்டி. சின்ன டி.வி. கனம் இருக்கும். கொட்டகையில் ஆயில் டிரம் மேல் வைத்து, வயரை இன்ஜெக்டருக்கு இழுத்தோம். பச்சைக் கோடு கீழே விழுந்து, சற்று நேரம் படுத்துக் கிடந்து, திடீரென்று கூரைக்குத் தாவியது. இன்ஜெக்டர் திறந்து மூடுவதுதான் அது. மெக்கானிக் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தன வருசமா இது இப்பிடியா குதிச்சுக்கிட்டு இருந்துச்சு?" என்றார். சர்வீஸுக்கு வந்திருந்த அதே மாதிரி இன்னொரு காரிலும் பார்த்தோம். அதில் வாய் திறந்திருந்த நேரம் குறைவு. என் காரில் தெளிவாகவே கூடுதல். அப்படியானால் கூடுதல் நேரம் திறந்தும் பெட்ரோல் போகவில்லை, இன்ஜெக்டர் அடைத்திருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

நான்கையும் கழற்றி, மருந்துக் கடையில் வாங்கிய நான்கு காலிப் பாட்டில்களுக்கு நேராக நிறுத்தி, தெளிக்கவிட்டார். ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால் நான்கிலும் ஒரே மட்டம். தெளிப்பும் மல்லிகைப் பூ விரிந்த மாதிரி ஒழுங்காக இருந்தது. எங்கேயும் அடைப்பு இல்லை.

"இப்ப என்ன டீச்சர்?" என்றார்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினேன். மலைக்கோட்டையைத் தாண்டும்போது, ஜன்னலோரம் நின்றபடியே ஒரு யோசனை வந்தது. பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருந்தால்? மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது. பாதி எரியும், பாதி எரியாது. எரியாததால் ஆக்சிஜன் மிச்சமாகும். சென்சார் 'போதவில்லை' என்று சொல்லும். எரியாத எண்ணெய் கரியாகி பிளக்கில் பிடிக்கும். முரண்பட்டு நின்ற இரண்டுக்கும் ஒரே பதில். இதைவிடத் துல்லியமாக ஒரு விடை என் வாழ்க்கையில் எனக்கு அகப்பட்டதில்லை.

இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகுதான் அடுத்த யோசனை வந்தது. நான் பெட்ரோல் போடுவது என் அண்ணன் பங்க்கில்.

அண்ணன் அய்யலூர்ப் பக்கம் திருச்சி ரோட்டில் பங்க் வைத்திருந்தார். அம்மாவும் அவரோடுதான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு, டேங்க்கை நிரப்பிக்கொண்டு வருவேன். அண்ணன் என்னைவிடப் பத்து வயது பெரியவர். அப்பா இறந்தபோது, என்னை மேலே படிக்க வைக்கக் கூடாது என்று சொந்தக்காரர்கள் சொன்னதையெல்லாம் காதில் வாங்காமல், மதுரையில் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்தவர். அவருடைய பெட்ரோலைச் சந்தேகப்படுவது எப்படி? ஆனால் அவர் கலக்கவில்லை, லாரிக்காரன் வழியில் கலந்திருக்கலாமே. தெரிந்தால் அவருக்குத்தானே நல்லது? இப்படி எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

எங்களுக்கு லீவு விட்ட ஒரு வியாழக்கிழமை போனேன். வியாழன் அய்யலூரில் ஆட்டுச் சந்தை. ஆடுகளை ஏற்றிய வேன்களும் மினி லாரிகளும் பங்க்கில் வரிசை கட்டி நின்றன. அந்த நாளைத் தேர்ந்தெடுத்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. அண்ணன் ஆபீஸ் அறையில் இருந்தார்.

"வா பாப்பா, என்ன இன்னைக்கு?"

"அண்ணே, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"பெட்ரோல்ல மண்ணெண்ண ஏதும் கலந்து வருதாண்ணே?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. என் கார்ல ஒரு சென்சார் இருக்கு. புகையில ஆக்சிஜன்..."

"காரு சொல்லுச்சா?"

நான் விளக்க ஆரம்பித்தேன். வகுப்பு எடுப்பது மாதிரியே ஆரம்பித்தேன் என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டார். பெட்ரோல் போடும் பையனை நகரச் சொல்லிவிட்டு, ஃபில்டர் பேப்பர் என்கிற வெள்ளை வடிதாள் ஒன்றை எடுத்து, குழாய் முனையிலிருந்து ஒரு சொட்டை அதன் நடுவில் விட்டார்.

"எல்லாரும் பாத்துக்கங்கப்பா. இது என் தங்கச்சி. காலேஜு டீச்சரு. என் பெட்ரோல்ல மண்ணெண்ண இருக்குன்னு சொல்லுது. இருந்தா காயும்போது கறை நிக்கும். நிக்குதா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க."

ஆட்டுக்காரர்கள் வேனிலிருந்து இறங்கி வந்து சுற்றி நின்றார்கள். ஒருவர் தோளில் குட்டியோடு வந்து எட்டிப் பார்த்தார். வெயிலில் அந்தத் தாள் இரண்டு நிமிடத்துக்குள் காய்ந்துவிட்டது. வெள்ளைத் தாளாகவே இருந்தது.

"கறை இருக்கா?"

"இல்லண்ணே."

"சத்தமாச் சொல்லு."

"இல்ல" என்றேன் சத்தமாக.

அதோடு விட்டிருக்கலாம். என் மண்டைக்குள் இன்னும் அந்தத் துல்லியமான விடை உட்கார்ந்திருந்தது. "இந்த லோடு நல்லதா இருக்கலாம்ணே. ஆனா போன லோடு..." என்று ஆரம்பித்தேன்.

அண்ணன் அந்தத் தாளை மடித்து என் கையில் வைத்தார். "மெசினு சொல்றத நம்புற. என்னைய நம்ப மாட்ட. போ பாப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அம்மாவைப் பார்க்காமலேயே திரும்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்வது கஷ்டம், ஏனென்றால் நானே ஒழுங்காக இல்லை. திண்டுக்கல்லில் வேறு பங்க்கில் பெட்ரோல் போட்டேன். வண்டி அப்படியேதான் குலுங்கியது. பழைய பெட்ரோல் டேங்க் அடியில் தங்கியிருக்கும் என்று நினைத்து டேங்க்கைக் கழற்றிக் கழுவச் சொன்னேன். மெக்கானிக் கழுவிக் கொடுத்தார். வண்டி அப்படியே இருந்தது. இன்னொரு பங்க் மாற்றினேன், மதுரை ரோட்டில். அப்படியே. அப்படியானால் ஊரில் எல்லா பங்க்கிலும் கலப்படம் என்று ஒரு வாரம் நிஜமாகவே நம்பினேன். சகஆசிரியர்களிடமும் சொல்லித் திரிந்தேன். ஒருவர், "எங்க வண்டியெல்லாம் நல்லாத்தானே ஓடுது மேடம்?" என்று கேட்டார். அவர்களுடையது சென்சார் இல்லாத கார்புரேட்டர் வண்டி, அதற்கு எதுவும் தெரியாது என்று பதில் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைப் பார்க்கப் பஸ்ஸில் போனேன். நான் போகும் நேரத்தில் அண்ணன் வீட்டில் இருக்க மாட்டார். தோட்டத்துக்குப் போயிருக்கிறார், டவுனுக்குப் போயிருக்கிறார் என்று மதினி சொல்வார். ஒரு முறை நான் வாசலில் நுழையும்போது அவர் பின்வாசல் வழியாகப் போவதைப் பார்த்தேன். அந்த அளவுக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். "ரெண்டு பேரும் சண்டையா?" என்று அம்மா கேட்டார். இல்லை என்றேன். மதினி எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, "அவுக மனசுல என்னமோ வச்சுக்கிட்டு மருகுறாக" என்று மட்டும் சொன்னார். அது எனக்குப் புரியவில்லை. கோபத்தைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

இப்படியே ஆறு மாதம் ஓடியிருக்கும். ஒரு ஞாயிறு மதியம் என் கணவரிடம், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, பெட்ரோல் நூற்றுக்கு எவ்வளவு கூடுதலாகப் போகிறது என்று ஸ்கேனரில் வருகிற எண்ணை வாசித்துக்கொண்டே வர முடியுமா என்று கேட்டேன். மெக்கானிக் ஸ்கேனரை ஒரு நாளைக்குக் கொடுத்திருந்தார். சின்னாளப்பட்டி வரைக்கும் போய்த் திரும்பலாம், தன் தங்கைக்கு ஒரு சுங்குடிச் சேலையும் எடுத்துவிடலாம் என்று அவர் சம்மதித்தார். வண்டி வீட்டு வாசலில் நிற்கும்போது வாசிக்க ஆரம்பித்தார்.

"பத்தொன்பது. இருபது. பத்தொன்பது." வண்டி கிளம்பியது. "பதினொண்ணு. ஏழு." மதுரை ரோட்டில் வேகம் பிடித்தேன். "நாலு. மூணு. மூணு. இறங்கிக்கிட்டே போகுதே, இது நல்லதா கெட்டதா?"

"தெரியல, வாசிங்க."

சின்னாளப்பட்டி விலக்கில் ஒரு லாரிக்குப் பின்னால் நின்றோம். "எட்டு. பதினாறு. இருபது. அடேயப்பா, நின்னா ஏறுது, ஓடினா இறங்குது."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். வண்டி நிற்கிறதா, ஓடுகிறதா என்று பெட்ரோலுக்கு எப்படித் தெரியும்? கெட்ட பெட்ரோல் என்றால் நிற்கும்போதும் கெட்டது, ஓடும்போதும் கெட்டது. ஆறு மாதமாக நான் இந்தச் சாதாரணக் கேள்வியைக் கேட்கவே இல்லை. நிற்கும்போதுதான் குலுங்குகிறது என்று முதல் நாளிலிருந்தே எனக்குத் தெரியும். முன்னால் போன லாரி எப்போது நகர்ந்தது என்று தெரியவில்லை. கணவர் என் கையைத் தட்டினார்.

சேலை எடுக்கவில்லை. நேராக நத்தம் ரோடு. மெக்கானிக் அப்போதுதான் சர்ச்சிலிருந்து வந்து, வெள்ளைச் சட்டையோடு கொட்டகையைத் திறந்துகொண்டிருந்தார். எண்களைச் சொன்னேன். நிற்கும்போது எங்கோ வெளிக்காற்று உள்ளே போகிறது என்று தோன்றுகிறது என்றேன். இன்ஜினுக்குள் காற்று போகும் குழாய்களையெல்லாம் தடவித் தடவிப் பார்த்தார். எங்கேயும் ஓட்டை இல்லை.

"அந்தப் பக்கம் காத்து சாஸ்தியா போனா பிளக்கு கரி பிடிக்காம வெள்ளையால்ல இருக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவர் இன்னமும் பிளக்கை விடவில்லை. கொஞ்ச நேரம் இன்ஜினுக்கு முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். பிறகு, "டீச்சர், உள்ள போற காத்தவே பாத்துக்கிட்டு இருக்கோமே, வெளிய போற பக்கம் பாத்தோமா?" என்றார்.

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். இன்ஜினை நன்றாக ஆறவிட்டு, பிறகு என்னை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். இன்ஜின் சத்தத்தில் ஒரு சன்னமான 'டிக் டிக்' எப்போதும் உண்டு. வால்வுச் சத்தம், பழைய வண்டி என்று இருவரும் அதை விட்டுவிட்டிருந்தோம். புகை வேறு எங்காவது கசிகிறதா என்று பார்க்க, ஒரு ஈரச் சாக்கைச் சுருட்டி சைலன்சர் வாயில் அழுத்திப் பிடிக்கும்படி என் கணவரிடம் சொன்னார். அவர் எந்தக் கேள்வியும் கேட்காமல் மண்டியிட்டுப் பிடித்தார். மெக்கானிக் சோப்புத் தண்ணீரைத் துணியில் நனைத்து, இன்ஜினிலிருந்து புகை வெளியேறுகிற இரும்புக் குழாயின் மேல் பிழிந்தார். சென்சாருக்கு ஒரு விரல்கடை மேலே, முடி மாதிரி ஒரு கோட்டிலிருந்து நுரை பொங்கியது. ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு குமிழி.

அந்த இடத்தில் இரும்பு வெடித்திருந்தது. புகை தொடர்ந்து வெளியே வருவதில்லை. அடுத்தடுத்துத் தள்ளித் தள்ளி வருகிறது. இரண்டு தள்ளலுக்கு நடுவே ஒரு நொடிக்கும் குறைவான நேரம் உறிஞ்சல் இருக்கும். வண்டி நிற்கும்போது அந்த உறிஞ்சல் விரிசல் வழியாக வெளிக்காற்றை இழுத்திருக்கிறது. அந்தக் காற்றில் இருந்த ஆக்சிஜனைத்தான் சென்சார் பார்த்தது. பெட்ரோல் போதவில்லை என்று கம்ப்யூட்டர் நினைத்து, மேலும் மேலும் தெளித்தது. நிஜத்தில் இன்ஜினுக்குள் தேவைக்கு மேலேயே பெட்ரோல் இருந்தது. அதனால் பிளக் கறுத்தது, வாடை அடித்தது. ஓடும்போது புகை நெருக்கித் தள்ளுவதால் வெளிக்காற்று உள்ளே வர முடியாது, எண் இறங்கிவிடும்.

சென்சார் பொய் சொல்லவில்லை. பிளக்கும் பொய் சொல்லவில்லை. இன்ஜெக்டர் சொன்னபடி திறந்து மூடியது. இப்படி எல்லாமே ஒழுங்காக இருந்து, நான் மட்டும் தப்பாக இருந்திருக்கிறேன் என்பது எனக்குப் பிடிபடவே கொஞ்ச நேரம் ஆனது. மெக்கானிக் சந்தோஷத்தில் டீ சொல்லி அனுப்பினார். எனக்கு அந்த வெள்ளைத் தாள்தான் கண்ணில் நின்றது.

கோயம்புத்தூரிலிருந்து பஸ் பார்சலில் புதுக் குழாய் வந்தது. மாட்டியதும் எண் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே வந்து நின்றது. ரயில்வே கேட்டில் பத்து நிமிடம் நிறுத்திப் பார்த்தேன். ஒரு குலுங்கல் இல்லை. அடுத்த நாள் காலையில் லீவு போட்டுவிட்டு அய்யலூருக்குப் போனேன். சந்தை இல்லாத நாளாகப் பார்த்துத்தான் போனேன்.

அண்ணன் பங்க்கில் தனியாக இருந்தார். என் காரைப் பார்த்ததும் எழுந்தார், ஆனால் எங்கேயும் போகவில்லை.

"அண்ணே, உன் பெட்ரோல்ல ஒண்ணும் இல்லண்ணே. என் கார்லதான் கோளாறு. புகை போற குழாய் வெடிச்சிருந்துச்சு. நான் தெரியாமப் பேசிட்டேன். எல்லார் முன்னாடியும் உன்னைய..."

"ஒக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நீ போன பெறகு மனசே ஆறல. போன லோடுன்னு ஒரு வார்த்தை சொன்னேல்ல? ஒவ்வொரு லோடு வரும்போதும் ஒரு பாட்டில் பெட்ரோல் எடுத்து சீல் வச்சு வச்சிருப்போம். சாயங்காலம் அந்த போன லோடு பாட்டில எடுத்து, தாள்ல ஒரு சொட்டு விட்டேன்."

"என்னாச்சுண்ணே?"

"காயவே இல்ல. வட்டமா நின்னுச்சு, எண்ணெய்க் கறை. லாரிக்காரன் வழியில எங்கயோ கை வச்சிருக்கான். அம்புட்டையும் நான் வித்து முடிச்சிட்டேன் பாப்பா. மறுநாளே போய்ப் புகார் எழுதிக் கொடுத்தேன், அந்த டிரைவரை வேலைய விட்டு எடுத்துட்டாங்க. அதெல்லாம் நடந்துருச்சு. ஆனா ஊரு முன்னாடி உன்னையச் சத்தமாச் சொல்லு, சத்தமாச் சொல்லுன்னேனே. அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உன்கிட்டப் பேசறது?"

மன்னிப்புக் கேட்க வந்தவள் நான். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியங்களில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை.

"ஆனா அண்ணே, என் வண்டி நின்னதுக்கு அது காரணம் இல்ல. ஆறு மாசமா வேற எடத்துலதான் பெட்ரோல் போட்டேன், அப்பவும் நின்னுச்சு. வெடிப்புதான் காரணம்."

"அப்ப நீ சொன்னது தப்பா?"

"தப்புதான்."

"பாட்டில்ல இருந்தது?"

"அது... நிசந்தான்."

"சரியாச் சொல்லு. தப்பா, சரியா?"

"எனக்குத் தெரியலண்ணே" என்றேன். சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். அவர் எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார். வெளியே ஒரு மொபெட் வந்து ஹாரன் அடித்தது. பையன் இல்லாததால் அவரே போய்ப் பெட்ரோல் போட்டுவிட்டு வந்தார்.

அந்த மதியம் அவர் வீட்டில்தான் சாப்பிட்டேன். மதினி கறி எடுத்து வரச் சொல்லியிருந்தார். அண்ணன் என் இலைக்கு எதிரே உட்கார்ந்தார். அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கிளம்பும்போது அண்ணன் என் டேங்க்கை நிரப்பினார். நிரப்புவதற்கு முன் ஒரு தாளில் சொட்டு விட்டு, காய்கிற வரை கையில் பிடித்துக்கொண்டு நின்று, எனக்குக் காட்டினார். வேண்டாம் என்று சொன்னேன். "இல்ல, பாரு" என்றார். பார்த்தேன்.

பிறகு பல நாள் எனக்கு ஒரு சந்தேகம் விடவில்லை. முதல் நாள் மெக்கானிக் கழற்றிக் காட்டிய அந்தக் கறுத்த பிளக்கில் இருந்தது யாருடைய கரி? விரிசலால் வந்ததா, அந்தக் கெட்ட லோடால் வந்ததா? அவர் அந்த பிளக்குகளை எப்போதோ குப்பையில் போட்டிருந்தார். விரிசல் எப்போது விழுந்தது என்றும் யாருக்கும் தெரியாது. கேட்டுப் பார்த்தேன்.

"ரெண்டும் கலந்துதான் இருக்கும் டீச்சர்" என்றார்.

"எது எவ்வளவு?"

"அதக் கண்டுபிடிக்க ஒரு மெசின் வாங்கினீங்கன்னா என்கிட்டயும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வேறொரு வண்டிக்கு அடியில் புகுந்துவிட்டார்.

ரோட்டை அகலப்படுத்தும் வேலை வந்தபோது அண்ணனின் பங்க்குக்கு முன்னால் பள்ளம் தோண்டினார்கள். வண்டிகள் உள்ளே வர வழியில்லாமல் போனது. ஒரு வருடம் பார்த்துவிட்டு, அதை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டுத் தென்னந்தோப்பைப் பார்க்கப் போய்விட்டார். நானும் அவரும் இப்போது எதையும் மறைப்பதில்லை. அம்மாவின் மருந்து, தோப்பில் வண்டுத் தாக்குதல், என் பெண்ணின் படிப்பு எல்லாம் பேசுகிறோம். அந்த ஆறு மாதத்தைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறப்பதில்லை. யார் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது எங்கள் இருவருக்குமே இன்னும் தெளிவாகவில்லை.